சிவப்புக் காலிகோ அட்டை

வேண்டாம் என்று தூக்கிப்போட்ட புத்தகத்துக்கு இன்னும் என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்று அலிமாவிடம் கேட்க வேண்டும். தலைப்பைக்கூடப் பார்க்க மாட்டாள். ஒரு தாளை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் கசக்குவாள், அவ்வளவுதான். பள்ளிக்கூட நோட்டா, எண்ணெய் உறிஞ்சும், போண்டா கடைக்கு. கைடா, தாள் மெலிசு, மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை போடுகிற கவருக்கு. இன்ஜினியரிங் புத்தகம் என்றால் மட்டும் முகம் சுளிப்பாள். வழவழ தாளில் மைதாப் பசை நிற்காதாம். படித்தவனுக்கும் ஒட்டவில்லை, எனக்கும் ஒட்டவில்லை என்பாள். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் ரோட்டில் இருக்கிற நாலைந்து ஊர்களில் அப்படிப்பட்ட புத்தகத்துக்குப் பஞ்சமில்லை. வாங்கினவன் எல்லாம் ஒரகடத்தில் கம்பெனி பஸ் ஏறிக்கொண்டிருக்கிறான்.

கவருக்கும் ஆகாத கந்தல் தாளை ஊறப்போட்டு, வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து, முறத்துக்குப் பூச்சாகப் பூசுவாள். அட்டைகளில் ஒன்று அடுப்பு விசிற, ஒன்று கோழிக்கூண்டுக்குத் தடுப்பு. பிளாஸ்டிக் பை கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்ட வருஷத்திலிருந்து அவள் கவருக்கு நல்ல கிராக்கி.

நான் புருஷோத்தமன். தாலுகா ஆபீஸ் எதிரே மடக்கு மேஜை போட்டு மனு எழுதுகிறவன். சிடுமூஞ்சி என்று எனக்கு ஒரு பேர் உண்டு, அதில் பொய் ஒன்றுமில்லை. வருஷத்துக்கு ஒருமுறை என் பழைய ஃபாரங்களையும் காலாவதியான சட்டப் புத்தகங்களையும் அலிமா வந்து மூட்டை கட்டிக்கொண்டு போவாள். அப்படித்தான் பழக்கம்.

அவளுக்கு இரண்டு விதிகள் இருந்தன. சாமி படம் போட்ட தாள் வந்தால் பக்கத்து வீட்டு தேவயானியிடம் கொடுத்துவிடுவாள், உங்கள் சாமி, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று. அரபி எழுத்து போட்ட தாள் வந்தால் கசக்கிக்கூடப் பார்க்க மாட்டாள். எழுந்து போய்க் கைகால் கழுவிக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் எடுத்து, ஆணியில் மாட்டியிருக்கிற வெள்ளைத் துணிப்பையில் வைப்பாள். பை நிறைந்ததும் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற முகம்மது கௌஸிடம் போகும். அடக்கம் செய்கிற கபர்ஸ்தானுக்குள் பெண்கள் போகிற வழக்கமில்லை. அவள் வாசலில் நிற்பாள், கௌஸ் பாய் உள்ளே மதில் ஓரமாகக் குழி வெட்டி, மனிதரைப் புதைப்பதுபோல அதைப் புதைத்துவிட்டு வருவார். இறைவசனம் இருக்கிற தாள் காலில் மிதிபடக் கூடாது, எச்சில் படக் கூடாது. அது சரிதான், அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

விஷயம் என்னவென்றால், அந்த எழுத்தை வாசிக்க அவளுக்குத் தெரியாது. வீட்டில் பேசுவது உருது. படித்தது அஞ்சாவது வரை தமிழ். ஓதுவதெல்லாம் அவள் அம்மா சொல்லிக்கொடுத்து மனப்பாடம். அந்த ஊர் முஸ்லிம்கள் முக்கால்வாசிப் பேரின் கதையும் இதுதான். சிலர் குர்ஆன் அச்சை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள், ஆனால் அதே எழுத்தில் கையால் எழுதின உருது என்றால் அவர்களுக்கும் எறும்பு ஊர்ந்த மாதிரிதான். அதனால் வலமிருந்து இடமாகப் போகிற எந்த எழுத்தும் அலிமாவுக்குப் புனிதம்.

அவள் கணவர் மஹபூப் பாஷா. மொபெட்டில் துணி மூட்டை கட்டி ஊர் ஊராக விற்றவர். முதல் மனைவி பிரசவத்தில் போய்விட, அஞ்சு வயசுப் பையன் ஆசாத்தை வைத்துக்கொண்டு தவித்தவருக்கு, தொண்ணூற்றி ரெண்டில் அலிமாவை நிக்காஹ் செய்துவைத்தார்கள். கல்யாணம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பள்ளிவாசலில் தொழுகை நடத்துகிற ஹஜ்ரத், இரண்டு சாட்சி, ஒரு தட்டு பேரீச்சம்பழம். அலிமாவுக்குக் குழந்தை பிறக்கவில்லை. பிறக்காததை அவள் பெரிதாக நினைத்த மாதிரியும் தெரியவில்லை, ஆசாத் இருந்தானே. அவனுக்கு அம்மை போட்டபோது இருபத்தோரு நாள் வீட்டுப் படி இறங்காமல் கிடந்தாள். அவன் படித்ததும், குவைத் போனதும், திரும்பி வந்து செங்கல்பட்டில் வீடு எடுத்ததும் எல்லாம் அவள் கைச்சோற்றில்தான்.

இதில் ஒரு தப்பு அவள் பக்கம் உண்டு. அதையும் சொல்லிவிட வேண்டும். பாஷா ஒருகாலத்தில் கடை வைத்திருந்ததால் அவர் ரேஷன் கார்டு சர்க்கரைக் கார்டு. அலிமாவின் அம்மாவுடையது அரிசிக் கார்டு. பேரை மாற்றினால் அரிசி குறையுமே என்று கல்யாணத்துக்கு அப்புறமும் அம்மா கார்டிலேயே பேரை விட்டுவைத்தாள். பிறகு வந்த ஓட்டு கார்டு, ஆதார் எல்லாம் அந்த ரேஷன் கார்டைக் காட்டி எடுத்தது. எதைப் பார்த்தாலும் அவள் இன்னாருடைய மகள்தான். இன்னாருடைய மனைவி என்று ஒரு இடத்திலும் இல்லை. முப்பது வருஷம் ஒருத்தனோடு வாழ்கிறவள் அதற்கு ரசீது கேட்பாளா?

கொரோனா இரண்டாவது தடவை வந்தபோது பாஷா போய்விட்டார். அடுத்த வருஷம் பழைய ஹஜ்ரத்தும் வயசாகி இறந்தார். அவர் மகள் ஜாஹிரா ஆம்பூரில் வாக்கப்பட்டவள், வீட்டைக் காலி செய்ய வந்தாள். இரண்டு டிரங்குப் பெட்டி நிறைய புத்தகம். அவளுக்கும் வாசிக்கத் தெரியாது. பழைய பேப்பர் கடைக்குப் போடவும் மனசு வரவில்லை. அலிமாவைக் கூப்பிட்டு, ஒன்றையும் வீணாக்காதவள் நீதான், எடுத்துக்கொண்டு போ என்றாள். மூன்று கோணிப்பை வந்தது. தமிழ்ப் பஞ்சாங்கம், பழைய டைரி, ஏதோ சங்கத்து மலர் எல்லாம் கவராகப் போயின. அந்த எழுத்து போட்டதெல்லாம் வெள்ளைத் துணிக்குப் போயிற்று. அவற்றில் ஒன்று நீளமான கனத்த நோட்டு. சிவப்புக் காலிகோத் துணி போட்ட நல்ல முரட்டு அட்டை. அட்டையில் எழுத்து ஒன்றும் இல்லை. எழுத்தில்லாத அட்டையை மண்ணுக்குக் கொடுப்பானேன் என்று அதை மட்டும் பதமாகப் பிரித்து எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அதுதான் அவள் கவர் மடிக்கிற பலகை. மடியில் வைத்து, மேலே தாளைப் போட்டு, மடித்து, நகத்தால் இழுத்து, பசை தடவுவாள். ஒரு நாளைக்கு ஆயிரம் கவர்.

போன வருஷம் ஆசாத், அப்பா பேரில் இருந்த, அலிமா குடியிருந்த வீட்டை விற்க ஆள் பார்த்தான். அதற்கு வாரிசுச் சான்றிதழ் வேண்டும். அவன் கொடுத்த மனுவில் இறந்தவருக்கு ஒரே வாரிசு மகன் மட்டும் என்றிருந்தது. விஷயம் தெரிந்து அலிமா என்னிடம் வந்தாள். பங்கு கிங்கு எதுவும் வேண்டாம், கண் மூடுகிற வரை அந்த வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து கவர் ஒட்ட இடம் இருந்தால் போதும் என்றாள். அவள் பேரும் சான்றிதழில் ஏறினால் அவள் கையெழுத்தில்லாமல் விற்க முடியாது. நான் ஆட்சேபனை மனு எழுதினேன். "மறைந்த மஹபூப் பாஷாவின் மனைவி அலிமா ஆகிய நான்" என்று ஆரம்பித்தேன். எப்போதும்போல ஒரு கார்பன் காப்பியை என் நோட்டில் வைத்துக்கொண்டேன்.

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நானும் கூடப் போனேன். ஆசாத் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். அலிமா என்பவர் எங்கள் வீட்டில் சமைக்க வந்தவர், அப்பா இரக்கப்பட்டுத் தங்கவைத்தார் என்று எழுதிக்கொடுத்திருந்தான். அதை அதிகாரி வாசித்தபோது எனக்கு ரத்தம் கொதித்தது. அறைந்திருப்பேன், வயசும் இடமும் தடுத்தன. அலிமா சத்தம் போடவில்லை. அவனைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ஆசாத், சின்னதுல என்ன இன்னான்னு கூப்டுவே? அத்த மட்டும் சொல்லிடு, நான் எய்ந்து போயிடறேன்."

அவன் கைபேசியை எடுத்து எதையோ தேடிக்கொண்டிருந்தான். அதிகாரி நல்ல மனிதர்தான். அம்மா, எனக்குக் காகிதம் வேண்டும், நிக்காஹ் பதிவு இருந்தால் கொண்டுவாருங்கள், பதினைஞ்சு நாள் தருகிறேன் என்றார்.

சாட்சிகள் இரண்டு பேரும் மண்ணுக்குள். ஜமாத்துப் பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும். ஆனால் தப்தரில் இல்லாமல் எழுத்தில் தர முடியாது என்றார்கள். தப்தர் என்றால் நிக்காஹ் பதிவு செய்கிற பெரிய நோட்டு. பள்ளிவாசலில் இருப்பது ரெண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அச்சடித்த தப்தர். அதற்கு முன்னால்? யாருக்கும் ஞாபகமில்லை. ஊர் வம்பு எதற்கு என்று ஒதுங்கியும் கொண்டார்கள். கௌஸ் பாய் மட்டும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். அலிமாவின் நிக்காஹில் பேரீச்சம்பழத் தட்டு ஏந்தினவரே அவர்தான்.

"பழைய தப்தரு ஹஜ்ரத்து கையால எய்தனது, பள்ளில வைக்கல. அவரு வூட்டு பொட்டிலதான் கெடக்கும்" என்றார்.

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவரை மொபெட்டில் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு நேரே அலிமா வீட்டுக்குப் போனேன். ஜாஹிராவுக்கு ஒரு போன் போட்டால் தீர்ந்தது என்று நினைப்பு. வாசலிலேயே நின்று விஷயத்தைச் சொன்னேன். அலிமா கூடத்தில் உட்கார்ந்து மாத்திரைக் கவர் மடித்துக்கொண்டிருந்தாள். ஜாஹிராவுக்கு எதற்குப் போன், அந்த வீட்டுப் புத்தகமெல்லாம் நான்தானே எடுத்து வந்தேன் என்று சொல்லிக்கொண்டே போனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கௌஸ் பாய் அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இன்னா அட்ட, பீபி?"

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு வருஷப் பசையும் நகக்கீறலும் ஏறி, ஓரத்தில் மட்டும் சிவப்பு தெரிந்தது. கௌஸ் பாய் அதை வாங்கித் திருப்பினார். முதுகுப் பக்கம் நூல் போட்ட ஓட்டைகள். ஹஜ்ரத் தானே ஊசி கோத்துத் தைத்தது, நான்தான் நூலுக்கு மெழுகு தேய்த்துக் கொடுத்தேன் என்றார். அட்டையைத் திருப்பித் தராமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தப்தர் பக்கங்களுக்குக் குழி வெட்டினதும் அவர்தானே.

"அதுல நான் கட்ட வெரலு ரேக வச்சிகிறேன், அண்ணா" என்றாள் அலிமா. "துணிய போட்டு மூடிக்கினு உள்ள குந்தியிருந்தேன். கைய புட்சி மைல தோச்சி வச்சாங்க. குனிஞ்ச தலைய நிமுத்தல, புக்க பாக்கல. பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் இல்ல?"

வாயைத் திறந்தால் அவளைத் திட்டிவிடுவேன் என்று பயமாக இருந்தது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யாரிடமாவது காட்டியிருக்கக் கூடாதா? ஆனால் யாரிடம்? அதுவும் உண்மைதான். புதிதாக வந்திருக்கிற ஹஜ்ரத் பீகார்க்காரர், நன்றாக உருது படிப்பார். அப்போது அவர் வந்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது, தப்தர் மண்ணுக்குள் போனது அதற்கு முன்னால்.

அந்த ஹஜ்ரத்திடம் போனோம். புதைத்ததைத் தோண்டலாமா என்று கேட்க வேண்டியிருந்தது. ஆணியில் மாட்டியிருந்த வெள்ளைப் பையையும் அலிமா எடுத்து வந்திருந்தாள், அதிலாவது ஏதாவது இருக்குமோ என்று. சின்ன வயசு மனுஷன், பொறுமையாக ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். இரண்டு தாளை நெற்றியில் ஒற்றித் தனியாக வைத்தார். மற்றதைப் படித்துவிட்டு, சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் சொன்னார். ஒன்று இருமல் லேகியத்துக்கு விளம்பரம். ஒன்று தலைமுடியைக் கறுப்பாக்குகிற தைலம். இன்னொன்று வேலூர் ரயில் எந்நேரத்துக்கு எங்கே நிற்கும் என்கிற அட்டவணை. எனக்குச் சிரிப்பு வந்தது, அலிமா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. கைகால் கழுவி இரண்டு கையாலும் எடுத்து வைத்த தாள்கள். லேகியத்துக்கு மரியாதை, தப்தருக்கும் அதே மரியாதை. நல்லது செய்கிறோம் என்று செய்கிற காரியத்தில் இப்படி ஒரு பள்ளம் இருக்கும் என்று யார் கண்டது?

ஒருத்தருடைய உரிமைக்காகத் தோண்டுவதில் பாவமில்லை, மரியாதையோடு செய்யுங்கள் என்றார் ஹஜ்ரத்.

மறுநாள் மத்தியானத் தொழுகை முடிந்ததும் போனோம். கபர்ஸ்தான் ஏரிக்கரைக்குக் கீழே. ஐப்பசி, கார்த்திகையில் அங்கே கணுக்கால் தண்ணீர் நிற்கும். அது எனக்கும் தெரியும், கௌஸ் பாய்க்கும் தெரியும், இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர் வெட்ட, நான் மண்ணை அள்ளினேன். அலிமா வாசலில் முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாள். அந்தச் சிவப்பு அட்டையையும் நெஞ்சோடு அணைத்துக் கொண்டுவந்திருந்தாள். பக்கங்கள் கிடைத்ததும் அதற்குள்ளேயே வைத்து ஆபீசுக்கு எடுத்துப் போகலாம் என்று அவளுக்கு நினைப்பு.

முழங்கால் ஆழத்தில் துணி வந்தது. வெள்ளை போய் மண் நிறமாகியிருந்தது. இரண்டு பேரும் கைகொடுத்துத்தான் தூக்க முடிந்தது. காகிதம் அத்தனை கனம் கனக்காது, தண்ணீர் கனக்கும். வாசலுக்குக் கொண்டுபோய் அலிமா முன்னால் கோணியில் வைத்து முடிச்சை அவிழ்த்தோம். உள்ளே புத்தகம் என்று ஒன்று இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரே பிண்டம். நடுவில் ஒரு இடத்தில் மை கரைந்து ஊதாவாகத் தெரிந்தது. கௌஸ் பாய் அதன் ஓரத்தை மெல்லப் பிரிக்கப் பார்த்தார். கையோடு வந்துவிட்டது.

அலிமா குந்தி உட்கார்ந்தாள். அதில் கொஞ்சம் எடுத்து, எப்போதும் தாளைப் பார்ப்பதுபோல, இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துக் கசக்கினாள். அந்த விரலுக்குத் தெரியாத காகிதம் இல்லை.

"இது இனிமே எதுக்கும் ஆவாதுண்ணா" என்றாள்.

அவள் வாயிலிருந்து ஒரு புத்தகத்தைப் பற்றி அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கப்படவில்லை. அவள் அழவில்லை. துணியை மறுபடி முடிந்தாள். சிவப்பு அட்டையை அதன்மேல் வைத்தாள். அட்டை எதற்கு, அதில்தான் எழுத்தே இல்லையே, வேலைக்கு ஆகுமே என்றேன். உள்ளே இருந்ததற்கு அதுதானே மூடி, சேர்ந்தே போகட்டும் என்றாள். கௌஸ் பாய் எடுத்துப்போய் அதே குழியில் வைத்து மண் தள்ளினார்.

பதினைஞ்சு நாள் முடிந்தது. சான்றிதழ் ஆசாத் பேருக்கு மட்டும் வந்தது. கோர்ட்டுக்குப் போகலாம் என்றேன். வாய்க்கு எளிதாகச் சொல்லிவிட்டேன். பெற்ற பிள்ளையோ வளர்த்த பிள்ளையோ, அவன் எதிரே இன்னொரு தடவை நின்று நான் யார் என்று நிரூபிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். வீடு கைமாறிற்று. வாங்கினவர்கள் இடித்துவிட்டார்கள். அலிமா இப்போது தேவயானி வீட்டுப் பின்பக்கம் மாட்டுக்கொட்டகையாக இருந்த ஓர் அறையில் இருக்கிறாள். தரை ஈரம். தாள் நமுத்துப்போகிறது, பசை காயமாட்டேன் என்கிறது, ஆயிரம் கவர் ஒட்டினவள் இருநூறு ஒட்டினால் அதிகம்.

போன மாசம் என் மேஜைக்கு வந்தாள். மடிக்கிறதுக்கு நல்ல அட்டை ஒன்று வேண்டும் என்றாள். என்னிடம் இருந்ததிலேயே கெட்டி அட்டை என் கார்பன் காப்பி நோட்டுதான். எழுதி முடித்து மூலையில் கிடந்தது. அட்டையைக் கிழிக்கப்போனேன். கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உள்ள இன்னா எய்திகீதுன்னு மொதல்ல பட்சிடுண்ணா."

யாரோ செத்தவர் நிலம், யாரோ பாதைத் தகராறு, இதையெல்லாமா படிப்பது என்று சலித்துக்கொண்டேன். அவள் விடவில்லை, எதிரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சரி என்று ஒவ்வொரு பக்கமாக முதல் வரியை மட்டும் வாசித்துக்கொண்டு போனேன். பாதி நோட்டு தாண்டினதும் அவளுடைய மனு வந்தது. கார்பன் நீலம் கொஞ்சம் மங்கியிருந்தது. "மறைந்த மஹபூப் பாஷாவின் மனைவி அலிமா ஆகிய நான்" என்று வாசித்தேன்.

இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன்.

அதைக் கிழித்துக் கொடுக்கச் சொன்னாள். அது தள்ளுபடியான மனு, காப்பி வேறு, சீல் கையெழுத்து ஒன்றும் கிடையாது, எந்த ஆபீசிலும் செல்லாது என்று நானும் என் தொழில் புத்தியில் சொல்லிவைத்தேன். தெரியும் என்றாள். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். பையில் மெடிக்கல் ஷாப்புக்குக் கொண்டுபோகிற மாத்திரைக் கவர்கள் அடுக்கடுக்காக இருந்தன. அதில் ஒன்றை எடுத்து ஊதிப் பிரித்து, அந்தத் தாளை நாலாக மடித்து உள்ளே வைத்து, வாயை மடக்கி ரவிக்கைக்குள் செருகிக்கொண்டாள்.

அப்புறம் அட்டையைக் கேட்டாள். கிழித்துக் கொடுத்தேன்.